ஆடிக் கூழும் என் பிரசவத் தேதியும்

என் மூத்த மகளைக் கையில் வாங்கியவர்கள் வரிசையில் நான் ஏழாவது ஆள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸிடமிருந்து முதலில் வாங்கியது என் மாமியார். அப்புறம் என் அம்மா, என் கணவர், என் அண்ணி, கணவரின் சித்தி. ஆறாவதாக வாங்கியவர் பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பார்க்க வந்திருந்த யாரோ ஓர் அம்மாள். மரத்துப்போன இடுப்போடு என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது அந்த அம்மாள்தான் குழந்தையை என் முகத்துக்கு அருகே காட்டி, "உன்ன மாதிரியே இருக்குது பாரு" என்றார். என்னை அதற்கு முன்னால் அவர் பார்த்ததே இல்லை.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போய்விடும். இந்தக் கோபம் மட்டும் நாலு வருஷம் போகவில்லை.

குழந்தையை முதலில் யார் தூக்குகிறார்களோ அவர்கள் குணம்தான் அதற்கு வரும் என்று எங்கள் மரக்காணம் பக்கம் சொல்வார்கள். மூத்தவளுக்கு அப்படியே என் மாமியாரின் பிடிவாதம். இட்லி வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஊரே கூடி ஊட்டினாலும் வாய் திறக்காது. "பாத்தியாடி, என் கை ராசி" என்று அத்தை பெருமைப்படுவார். நான் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். அவருக்குக் காரணம் தெரியும். "நான் ஏழாவது ஆளுங்க அத்தை" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கணக்கே இல்லை.

அந்த முதல் பிரசவத்தில் குழந்தை வயிற்றுக்குள் தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்தபடியே இருந்தது. அதனால் ஆபரேஷன். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. இரண்டாவது தடவை வயிற்றில் தங்கியதும் எல்லோரும் ஆபரேஷன் என்றே பேச ஆரம்பித்ததுதான் எனக்கு ஆகவில்லை. கிழிக்க வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, எந்தத் தேதியில் என்றுதான் கேட்டார்கள். நானும் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் குயிலாப்பாளையத்தில் ஒரு தையல் யூனிட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்து மெஷின், இடையஞ்சாவடியிலிருந்து வரும் ஓர் அக்காவுடையது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது, அவருடைய பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தது.

"பெரியவன் ஆபரேஷன். சின்னவ நார்மல்" என்றார், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே.

எனக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. "மாத்தி சொல்றீங்க. மொதல்ல நார்மல், அப்புறம் ஆபரேஷன்."

"என் வயிறு, எனக்குத் தெரியாதா? மொதல்ல ஆபரேஷன், அப்புறம் நார்மல்."

"அப்படிக்கூட முடியுமாக்கா?"

"எல்லாருக்கும் முடியாது. மொதல்ல எதுக்கு கிழிச்சாங்க, உள்ள எப்படிக் கோடு போட்டாங்கன்னு பாக்கணும். ரத்தம், மயக்க டாக்டர் எல்லாம் இருக்குற பெரிய ஆஸ்பத்திரியா இருக்கணும். ஆனா முடியவே முடியாதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் கடற்கரைச் சாலை முழுக்க எனக்குள் ஒரே குதியாட்டம். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தது காலில் தெரியவில்லை. இந்தத் தடவை நான்தான் முதல் ஆள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்து, எங்கள் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

வீட்டில் முதலில் கணவரிடம் சொன்னேன். அவருக்கு உப்பளம்தான் உலகம். குத்தகைக்கு எடுத்த பாத்திகளில் அவரும் அத்தையும் இறங்கி வேலை செய்வார்கள். எதைச் சொன்னாலும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அன்றைக்கும் பார்த்தார். "டாக்டர் சரின்னு சொன்னா எனக்கும் சரி" என்றார். அது போதும் எனக்கு.

டாக்டர்தான் சரி என்று சொல்லவில்லை. மூத்தவள் பிறந்த அதே நர்ஸிங் ஹோமுக்குப் போனோம். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே வாசலில் சீட்டுப் போடும் பெண், "முன்னாடி சிசேரியனா? அப்ப நல்ல நாள் மட்டும் பாத்துட்டு வந்துடுங்க" என்றாள். உள்ளே டாக்டர் அவளைவிட நேர்மையாகப் பேசினார்.

"உன் உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. எங்ககிட்ட மயக்க டாக்டர் நாங்க கூப்பிட்டாதான் வருவாரு. நீ வலியில இருக்கும்போது திடீர்னு ஏதாச்சும் ஆச்சுன்னா, அவரு வர்ற வரைக்கும் நான் என்ன பண்றது? தேதி குறிச்சிட்டா அவரும் வருவாரு, ரத்தமும் ரெடியா இருக்கும். எனக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

அவர் நிம்மதிக்காக என் வயிறா என்று கேட்க வாய் வரை வந்தது. கணவர் என் முழங்கையை அழுத்தினார், விழுங்கிக்கொண்டேன். இப்போது யோசித்தால் அந்த டாக்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன காரணத்தில் என் வயிறு எங்கேயும் இல்லை, அவர்கள் ஆஸ்பத்திரியில் யார் எப்போது வருவார்கள் என்பதுதான் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். அங்கே இருந்த டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, என் பேச்சை முழுதாகக் கேட்டார். குறுக்கே பேசாத டாக்டரை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "போன ஆபரேஷன் பேப்பர் எங்க?" என்றார். உள்ளே கர்ப்பப்பையில் போட்ட கோடு குறுக்கா நெடுக்கா என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாதாம். வெளியே தெரிகிற தழும்பை வைத்துச் சொல்லக் கூடாதாம்.

அந்தப் பேப்பர் எங்களிடம் இல்லை. நர்ஸிங் ஹோமில்தான் இருந்தது. என் கணவர் அதற்காக பைக்கில் நாலு தடவை போனார். முதல் தடவை, எழுதுகிற ஆள் லீவு. இரண்டாவது தடவை, பழைய ஃபைல் எல்லாம் மாடியில். மூன்றாவது தடவை, மாடிச் சாவி இல்லை. நாலாவது தடவை அவர் பாத்தியிலிருந்து நேராகப் போய்விட்டார், காலெல்லாம் சேறு, சட்டையெல்லாம் உப்புப் பூத்து. அங்கே இருந்த பெஞ்சில் சாயங்காலம் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்தாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். தரையைத் துடைக்கிற அம்மாள் பொறுக்க முடியாமல் தானே மாடிக்குப் போய்த் தேடி எடுத்து வந்து கொடுத்திருக்கிறார்.

கோடு குறுக்குதான்! டாக்டரம்மா படித்துவிட்டுத் தலையாட்டியதும், அவர் மேஜைக்கு இந்தப் பக்கம் நான் ஏதோ முதல் மார்க் வாங்கியவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"முயற்சி பண்ணலாம். ஆனா ரெண்டு கண்டிஷன். வலி ஆரம்பிச்சதும் உடனே இங்க வந்துடணும், வீட்ல உக்காந்துகினு இருக்கக் கூடாது. ரெண்டாவது, உனக்கு வலி தானா வரணும், தேதிக்குள்ள வரணும். தேதி தாண்டினா நான் காத்திருக்க மாட்டேன். தியேட்டர்தான்."

"வந்துடும் மேடம்" என்றேன், ஏதோ பஸ் வரும் நேரத்தைச் சொல்வது மாதிரி.

அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று இப்போது சொல்லிவிட வேண்டும். மாதம் தள்ளிப்போனதும் பேர் எழுத எங்கள் ஊரில் வேலை பார்க்கும் நர்ஸம்மாவிடம் போயிருந்தேன். "கடைசியா எப்பம்மா தலைக்கு வந்துச்சு?" என்று மாதவிலக்கான நாளைக் கேட்டார். எனக்கு அன்று யூனிட்டுக்கு பஸ் பிடிக்கிற அவசரம். "ஆடி மாசம் கூழ் ஊத்துன அன்னைக்குங்க" என்றேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், விரலை வைத்தார், அட்டையில் எழுதினார். நான் அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். அந்த அட்டைப்படி எனக்குப் பிரசவம் சித்திரை இருபதுக்கு மேல், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

சித்திரை என்றதும் அத்தை தலையில் அடித்துக்கொண்டார். சித்திரையில் குழந்தை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர் மனதில் ஊறிப்போயிருந்தது. ஆடியில் தங்கினால் சித்திரையில்தானே பிறக்கும், எங்களுக்கு புத்தி எங்கே போயிற்று என்று கல்யாணமாகி ஆறு வருஷமானவர்களை, நேற்று கல்யாணமானவர்களைத் திட்டுவதுபோலத் திட்டினார். பிறகு தானாகவே ஒரு வழியும் கண்டுபிடித்தார். ஜோசியரிடம் போய், சித்திரைக்குள்ளேயே கெடுதல் இல்லாத ஒரு நாளைக் குறித்து வாங்கி வந்துவிட்டார். ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள்.

"நார்மல்னா அது இஷ்டத்துக்கு வரும். ஆபரேஷன்னா நாம பாத்த நேரத்துல எடுத்துக்கலாம். இதுல யோசிக்க இன்னாடி இருக்குது?"

"கிழிக்கிறது என் வயித்தங்க அத்தை."

"போன தடவ கிழிச்சாங்களே, நீ நல்லாத்தானே இருக்குற?"

தெருவில் எல்லோரும் அத்தை கட்சி. அனுபவிக்க வேண்டாத வலியை எதற்கு வலிய போய்க் கூப்பிடுகிறாய் என்று ஒருத்தி. தையல் பிரிந்துவிடும் என்று இன்னொருத்தி. அவள் சொன்னது துணியில் போடுகிற தையலை நினைத்து. தையல்காரியான எனக்கே அவள் தையல் பாடம் எடுத்தாள்.

கத்திரி வெயில் தொடங்கியது. பாத்திகளில் உப்பு பளபளவென்று விளைந்து கிடந்தது, வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. நான் காலையிலும் மாலையிலும் உப்பளத்து வரப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கணவர் தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் கேட்பார், வலி வந்ததா என்று. இல்லை என்று நான் கையை ஆட்டுவேன். அந்த வாரம் முழுக்க எங்கள் குடும்பப் பேச்சே அதுதான். சனிக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது, போயிற்று. வயிறு கல் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா முன்னால் நானும் அத்தையும் உட்கார்ந்தோம். கணவர் கதவுக்கு வெளியே.

"ரெண்டு நாள் தாண்டிடுச்சும்மா" என்றார் டாக்டரம்மா. "நான் சொன்னது ஞாபகம் இருக்குதில்ல? வியாழக்கிழமை போட்டுக்கலாம். காலையிலயே."

அத்தை மடியிலிருந்து ஜோசியர் எழுதிய சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அதே வியாழக்கிழமைதாம்மா எங்க ஜோசியரும் குறிச்சிருக்காரு. ஒம்பதரைக்கு மேல."

டாக்டரம்மாவும் ஜோசியரும் ஒரே நாளைச் சொன்னால் நான் யாரிடம் போய் நிற்பது? அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன், அழுதுவிட்டேன். மூக்கெல்லாம் ஒழுக அழுதேன். ஏழாவது ஆள், ஏழாவது ஆள் என்று மண்டைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை போல. அட்டையை இழுத்துவைத்துக்கொண்டு, "சரி, இன்னொரு தடவ பாத்துடலாம். கடைசியா எப்ப தலைக்கு வந்துச்சு?" என்றார்.

"கூழ் ஊத்துன அன்னைக்கு மேடம்."

"கூழ சொல்லாத, தேதிய சொல்லு. இதுல ஜூலை கடைசி ஞாயித்துக்கிழமைன்னு போட்டிருக்குது. சரியா?"

நான் மண்டையை ஆட்டினேன். அழுகிற அவசரத்தில் ஆமாம் என்றே சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

"ஜூலையா?" என்றார் அத்தை. "ஜூலைல எப்படிம்மா வரும்? எங்க தெருவுல கூழ் ஆடி நாலாவது ஞாயிறு. எப்பவுமே நாலாவதுதான். அதுக்குள்ள ஆகஸ்ட் பொறந்துடும்."

"ஆடியிலதானே எல்லா ஊர்லயும் ஊத்துறாங்க?"

"ஊத்துவாங்க. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வாரம். நர்ஸம்மா அந்தாண்ட ஊரு. அவங்க ஊர்ல ரெண்டாவது வாரமே முடிச்சிடுவாங்க. நாங்க நாலாவது." அத்தையின் குரல் ஏறிக்கொண்டே போனது. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதும்மா. ரெண்டு அண்டா கூழ், கருவாட்டுக் கொழம்பு, முருங்கக்கீரை, அத்தனையும் நான் ஒண்டியா செஞ்சேன். இவ காலையிலதான் தூரம்னு சொல்லிட்டு, மூலையில ஃபோன பாத்துகினு உக்காந்திருந்தா. கைல கொப்புளம் வந்துடுச்சு எனக்கு. ஒரு வாரம் உப்பு வார முடியல!"

ஒன்பது மாதமாக அந்தக் கோபத்தை எனக்குத் தெரியாமல் அவர் உள்ளே வைத்திருந்திருக்கிறார். நான் வாயைப் பிளந்து அவரைப் பார்த்தேன். அழுகை அப்படியே நின்றுவிட்டது.

டாக்டரம்மா ஃபைலைத் திருப்பினார். அட்டைக்குப் பின்னால், ஊசி போட்ட சீட்டு, ரத்தச் சோதனை எல்லாம் தாண்டி, மூன்றாவது மாதம் எடுத்த முதல் ஸ்கேன் தாள் பின் அடித்துக் கிடந்தது. அதன் கடைசி வரியில் விரலை வைத்தார். குழந்தையின் அளவை வைத்து அதில் தனியாக ஒரு பிரசவத் தேதி போட்டிருந்தது. எல்லோரும் அட்டையின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் தாளை நானே வாங்கி, நானே பின் அடித்தேன், ஒரு நாளும் படித்ததில்லை.

"உங்க மாமியார் சொல்றதுதான் கரெக்ட்" என்றார் டாக்டரம்மா. "ரெண்டும் ஒத்துப்போகுது. பதினாலு நாள் வித்தியாசம். தேதி தாண்டல. இன்னும் பன்னண்டு நாள் இருக்குது."

பன்னிரண்டு நாள்! யாரோ எனக்குப் பன்னிரண்டு பவுன் தூக்கிக் கொடுத்த மாதிரி இருந்தது. எழுந்து அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்ப சித்திரை இல்லியா? வைகாசியா?"

"வைகாசிதாங்க."

அத்தை ஜோசியர் சீட்டை மேஜையிலிருந்து எடுத்தார். நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், குப்பைக்கூடையில் போட்டார். "தப்பான தேதிய குடுத்தா அந்தாளு மட்டும் இன்னா பண்ணுவாரு" என்று ஜோசியருக்காகவும் ஒரு வார்த்தை பேசிவிட்டு, டாக்டரம்மாவிடம் திரும்பினார். "அட்டைல மாத்தி எழுதுங்கம்மா. பெருசா எழுதுங்க."

டாக்டரம்மா பழைய தேதியை அடித்துவிட்டுப் புதுத் தேதியை எழுதினார். கடைசிப் பக்கத்தில், நார்மலுக்கு முயற்சி செய்யலாம் என்றும், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்றும் நாலைந்து வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பக்கத்தை மட்டும் கீழ் மூலையில் மடித்துவைத்துக்கொண்டார்.

சரியாக ஒரு வாரம். அடுத்த செவ்வாய்க்கிழமை, வைகாசி ஒன்றாம் தேதி. காலையில் பல் துலக்கும்போது இடுப்பில் பிடித்தது, விட்டது. மறுபடியும் பிடித்தது. நான் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தேன். வலி வந்ததற்கு இப்படிச் சிரித்தவள் எங்கள் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தெரு முனையிலிருந்து உப்பளத்தைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். கணவர் உப்பு வாரும் பலகையை அப்படியே பாத்தியில் போட்டுவிட்டு வரப்பில் ஓடி வந்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. உப்பளத்தில் ஓடக் கூடாது, வழுக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர். இரண்டு தடவை விழுந்தார்.

பக்கத்து வீட்டுக் காரில் போனோம். மூத்தவளைக் கணவரின் சித்தியிடம் விட்டுவிட்டு அத்தையும் வந்தார். பிரசவ வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள், துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்கள். அத்தை ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு என் தலைமாட்டில் நின்றார். டாக்டரம்மா வந்து பார்த்தார், குழந்தையின் இதயத் துடிப்பைக் காட்டும் மெஷினை மாட்டச் சொன்னார், நல்லா போகுது என்றார். அந்த டுப்டுப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு வலியாகக் கடந்தேன். வலி சின்ன வலி இல்லை. இடையஞ்சாவடி அக்காவை நடுவில் நாலு கெட்ட வார்த்தையில் திட்டினேன். ஆனால் ஒவ்வொன்று முடியும்போதும், இன்னொன்று போச்சு என்று உள்ளே ஒரு துள்ளல்.

இரண்டு மணிக்கு டூட்டி மாறியது. டாக்டரம்மா தியேட்டரில் வேறொரு பெண்ணைப் பார்க்கப் போயிருந்தார். புதிதாக வந்த நர்ஸ் என் கட்டிலில் தொங்கிய சீட்டைப் பார்த்தாள்.

"முன்னாடி சிசேரியன் கேஸு. இத ஏன் இங்க போட்டு வெச்சிருக்கீங்க? தியேட்டருக்குத் தள்ளுங்க" என்று வார்டுப் பையனைக் கூப்பிட்டாள்.

எனக்குப் பேச முடியவில்லை, அப்போதுதான் ஒரு பெரிய வலி. கட்டிலின் சக்கரம் அசைந்தது. இவ்வளவு தூரம் வந்து ஒரு டூட்டி மாற்றத்தில் போகப்போகிறதே என்று எனக்கு உயிரே போயிற்று. அத்தை கட்டிலுக்குக் குறுக்கே போய் நின்றார்.

"கடைசிப் பக்கத்தப் படிம்மா."

"நீங்க வெளிய இருங்க பாட்டி."

"போறேன். மொதல்ல கடைசிப் பக்கத்தப் படி. மூலைய மடிச்சி வெச்சிருக்கேன் பாரு. எனக்குப் படிக்கத் தெரியாது, உனக்குத் தெரியுமில்ல? முன்பக்கத்த மட்டும் பாத்துதான் எங்களுக்கு ஒரு தடவ எல்லாம் தப்பாப் போச்சு."

நர்ஸ் முறைத்தாள், ஆனாலும் வாங்கினாள். படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "சரி, விடுப்பா கட்டில" என்றாள். அதற்கப்புறம் அவள் என் பக்கத்தைவிட்டு நகரவில்லை. நல்ல பெண். யாரும் அவளிடம் சொல்லாமல் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

மூன்று மணி சுமாருக்கு டாக்டரம்மா ஓடி வந்தார். முக்கலாம் என்றார். அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகு காலம் என்பது எனக்கு அந்த நேரத்தில் எப்படி ஞாபகம் இருக்கும்? அத்தை என் காதருகே குனிந்தார்.

"ஏண்டி, ஒரு நாலர வரைக்கும் அடக்கிக்க முடியுமா?"

"அத்தை!"

நான் போட்ட கத்தலில் நர்ஸ் சிரித்துவிட்டாள், டாக்டரம்மா சிரித்துவிட்டார், அத்தையே சிரித்துவிட்டார். சிரிப்பும் வலியும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். என் இரண்டு கையையும் அத்தை பிடித்துக்கொண்டார். உப்பில் காய்த்துப்போன கை. எவ்வளவு இறுக்கினாலும் வலிக்காதுபோல, நான் இறுக்கிய இறுக்கலுக்கு அவர் முகம் சுளிக்கவில்லை. "இன்னும், இன்னும், அவ்ளோதான், இன்னும்" என்று எனக்கு முன்னால் அவரே மூச்சைப் பிடித்து முக்கிக்கொண்டிருந்தார்.

மூன்று நாற்பதுக்கு இரண்டாவது மகள் பிறந்தாள்.

ஈரத்தோடு தூக்கி என் மார்பில் போட்டார்கள். சூடாக இருந்தாள். அழுதாள், நானும் அழுதேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், விடவேயில்லை. முதல் ஆள், முதல் ஆள் என்று நான் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்ததாக நர்ஸ் அப்புறம் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அவள், "பாட்டி, நீங்க வாங்கிக்கங்க, தொடச்சிடலாம்" என்றாள். அத்தை கையை நீட்டினார். நீட்டிய கையை அப்படியே பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம். அவ மேலயே வெச்சி தொடச்சிடு" என்றார்.

வார்டுக்கு மாற்றியதும் நான் எழுந்து உட்கார்ந்து டீ குடித்தேன். பிள்ளை என் மடியில் இருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அத்தை ஃபோனில் கணவரின் சித்தியிடம் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் போடாமலேயே அந்தச் சித்தியின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"பொறந்தது எத்தன மணிக்கு?"

"மூணு நாப்பது."

"ஐயய்யோ, செவ்வாக்கெழம ராகு காலமாச்சே. கேக்குறவங்ககிட்ட நாலரைக்கு மேலன்னு சொல்லிடு. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

அத்தை என் மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். ஜாதகம் எழுதுவதும் அவர் கையில்தான், பேர் வைப்பதும் அவர் கையில்தான்.

"தேதிய தப்பா எழுதிதான் என் மருமகள அறுக்கப் பாத்தாங்க" என்றார். "மூணு நாப்பதுன்னா மூணு நாப்பதுதான். ராகு காலம்னே எழுதட்டும்."

ஃபோனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அதுவரை அவர் பிள்ளையைத் தொடவே இல்லை. புடவைத் தலைப்பில் இரண்டு உள்ளங்கையையும் துடைத்துக்கொண்டு என் முன்னால் நீட்டினார்.

"போதும்டி, நீ வெச்சிகினு இருந்தது. நான் ரெண்டாவது ஆளு. குடு."

நான் கொடுத்தேன்.